சுமப்பவர் யார்?

வேட்டை என்ற சொல்லைக் கேட்டதும் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு காட்சி தோன்றும். கதை படித்தவர்க்கு வில்லும் வேந்தனும் தோன்றுவர். படம் பார்த்தவர்க்குத் துப்பாக்கியும் தொப்பியும் தோன்றும். நமக்குத் தோன்றுவதோ நம் பாட்டனாரின் இடத்தோளில் இருந்த தழும்பு ஒன்றேயாம்.

பாட்டனார் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். போருக்கு முந்திய நாட்களில், ஞாயிற்றுக்கிழமைகளில் துரைமார் நால்வர் ஐவர் கூடி மான் வேட்டைக்குப் புறப்படுவராம். முதல் நாள் மாலையே கங்காணி லயத்துக்கு வந்து பன்னிருவரைப் பெயர் சொல்லி அழைத்துவிடுவார். தகரத்தைத் தட்டிக் கூச்சலிட்டுக் காட்டைக் கலைப்பது அவர்கள் வேலை. மான் விழுந்தபின் அதைக் கழியில் கட்டித் தோளில் சுமந்து பங்களாவிற் சேர்ப்பதும் அவர்கள் வேலையே. கொம்பு சுவருக்குப் போகும். தொடை துரைமார் மேசைக்குப் போகும். குடலும் தலையும் லயத்துக்கு வரும். அட்டை கடித்த கால்களோடும் கழி அழுத்திய தோளோடும் பாட்டனார் வீடு திரும்புவார். "சுட்டவர் பெயர் பங்களாச் சுவரில் இருக்கிறது; சுமந்தவன் பெயர் எங்கே இருக்கிறது?" என்று அவர் முதுமையில் கேட்டதை நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். விடை கூறத் தெரியாமல் விளையாடப் போய்விட்டோம்.

ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துப் பூமியின் மறுபுறத்தில் அக்கேள்வி மீண்டும் நம்முன் வந்து நின்றது. பணி நிமித்தம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் சில ஆண்டுகள் வாழ நேர்ந்தபோது, நாமே ஒரு வேட்டைக் கூட்டத்திற் சேர்ந்தோம். அங்கு நடந்ததை வாசக அன்பர்கட்கு உரைக்கவே இக்கட்டுரை எழுதலாயிற்று.

ராக்கி மலைகளில் வேட்டையாடப்படும் மானுக்கு எல்க் என்று பெயர். அந்நாட்டுப் பூர்வகுடிகள் மொழியிலிருந்து வந்த வாபிட்டி என்ற பெயரும் அதற்குண்டு. வெண்மையான பின்புறமுடையது என்பது அதன் பொருள். இலங்கை மலைகளில் வாழ்ந்த வெள்ளைத் தோட்டக்காரர்கள் கடமானையும் எல்க் என்றே அழைத்தனர்; அஃது வேறு, இஃது வேறு. வளர்ந்த ஆண் எல்க் 700 ராத்தல் நிறுக்கும். தமிழில் இதற்குப் 'பெருமான்' என்று பெயரிடலாமே என்று ஒரு சமயம் எண்ணினோம். கோயிலுக்குப் போகும் அன்பர்கள் கோபிப்பார்களென்று அந்த யோசனையைக் கைவிட்டோம்.

நம் கூட்டத்தில் அறுவர். 68 வயதுத் தச்சர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், மின்தொழிலாளி ஒருவர், மெக்சிக்கோ வழிவந்த லாரி ஓட்டுநர் ஒருவர், இளம் வழக்கறிஞர் ஒருவர், ஆறாமவர் நாம். அங்கு 1949 ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குப் பின் பிறந்தவர் எவரும் வேட்டைப் பயிற்சியில் தேறியதற்குச் சான்றிதழ் காட்டியே அனுமதிச் சீட்டுப் பெறல் வேண்டும். நாமும் இளைஞர்களோடு வகுப்பில் அமர்ந்து தேறினோம்.

முதற் பிரயாணம் 2017 ஆம் ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்தது. அதற்குமுன் நான்கு முறை கூடி ஆலோசித்தோம். எந்தத் துப்பாக்கி, எந்தக் காலணி, எத்தனை கம்பளி, எத்தனை முட்டை என்று எல்லாம் பேசினோம். தச்சர் கூடார அடுப்புக்குப் புகைக்குழாய்கூடச் செய்து கொண்டுவந்தார். ஆயினும் ஒரு விஷயத்தை அறுவரில் ஒருவரும் பேசவில்லை. மான் விழுந்தபின் என்ன செய்வது என்பதே அது.

பிளாட் டாப்ஸ் என்னும் மேட்டுநிலத்தில் முகாமிட்டோம். பெயருக்கேற்பத் தலை தட்டையான மலைகள். ஏறக்குறைய 10,000 அடி உயரம். அங்கே மூச்சொன்றுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையிற் கிடைப்பதில் 70 சதவீதமே. மேலும், 1964 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வனாந்தரமெனக் காக்கப்படும் நிலமாதலின் அதனுள் மோட்டார் வண்டி செல்லலாகாது, மிதிவண்டி செல்லலாகாது, இறைச்சியை ஏற்றி உருட்டும் சிறு கைவண்டிகூடச் செல்லலாகாது. குதிரை உண்டு, இல்லையேல் மனிதர் முதுகுண்டு. நம்மிடம் குதிரை இல்லை.

இரண்டாம் நாள் சூரியன் மறையும் நேரத்தில், பாதையிலிருந்து நான்கு மைல் தொலைவில், ஒரு பள்ளத்தாக்கின் அடியில் வழக்கறிஞர் ஓர் ஆண் எல்க்கைச் சுட்டு வீழ்த்தினார். அறுவரும் ஆரவாரித்தோம். அவ்வாரவாரம் அரைமணி நேரம் நீடித்தது. அதன்பின் இருள் வந்தது. எல்க்கின் தடித்த தோல் உடற்சூட்டை உள்ளேயே அடைத்து வைப்பது. விரைந்து உரித்துத் துண்டாக்கிக் காற்றுப்படும்படி தொங்கவிடாவிடின், வெளியே குளிர் இருந்தும் தொடையெலும்பைச் சுற்றிலும் ஊன் புளித்துவிடும். கைவிளக்கொளியில் பழக்கமற்ற கைகளால் பாதி வேலை முடிக்கையில் நள்ளிரவாயிற்று. அவ்வேளை தச்சர் ஒரு பாறைமேல் அமர்ந்துவிட்டார். தலைவலி என்றார், பின்பு மூச்சுக்குத் தவித்தார். உயரத்தால் வரும் நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதே. ஊனை அப்படியே விட்டு, இருவர் இருவராக அவரைத் தாங்கி, விடியும்வரை இறங்கினோம். அவர் பிழைத்தார். திரும்பி மேலே ஏறுகையில் நண்பகலாகிவிட்டது; வெயில் ஏறியிருந்தது; பின்தொடைகள் இரண்டும் நாறத் தொடங்கியிருந்தன.

கெட்டதையும் சேர்த்தே சுமந்து இறங்கினோம். கொம்பை மட்டும் அறுத்தெடுத்துக்கொண்டு ஊனைக் காட்டில் எறிந்து வருதல் அம்மாநிலத்தில் கடுங்குற்றம். ஆயின் சட்டத்துக்கு அஞ்சி மட்டும் நாம் அதைச் சுமக்கவில்லை. ஓர் உயிரைக் கொன்று வீணாக்கினோம். ஒரு முதியவரைச் சாவின் வாயில்வரை கொண்டுபோனோம். அந்த வெட்கமே நம் முதுகில் பாதி பாரமாயிற்று.

அடுத்த சனவரியில் ஆசிரியையின் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி மீண்டும் கூடினோம். தச்சர் வரமாட்டாரென்று எண்ணியிருந்தோம். அவரே முதலில் வந்திருந்தார். ஆசிரியை மலைப்படத்தை விரித்து, "துப்பாக்கியைப் பற்றிப் பிறகு பேசுவோம். சுமப்பவர் யார்?" என்று கேட்டார். நமக்கு உடல் சிலிர்த்தது. பாட்டனாரின் கேள்வியை, அவரைக் கண்டும் கேட்டும் இராத ஒரு பெண்மணி, அயல்மொழியில் கேட்கின்றாரே என்று வியந்தோம்.

அன்று கணக்குப் போட்டோம். பின்தொடை ஒன்று ஏறக்குறைய 70 ராத்தல். முன்கால் அதனினும் குறைவு. முதுகுச் சதையும் பிறவும் சேர்ந்து இன்னொரு சுமை. ஆக ஒரு மானுக்குச் சுமை ஐந்து. தச்சரை நீக்கினால் சுமப்பவரும் ஐவரே. எழுபது ராத்தலை முதுகிலேற்றி அந்த உயரத்தில் எத்தனை மைல் நடக்கக்கூடும்? வாயாற் சொன்னால் போதாதென்று, மணல் நிரப்பிய பைகளைச் சுமந்து நகரையடுத்த குன்றுகளில் ஏறிப் பார்த்தோம். நாம் இரண்டு மைலில் உட்கார்ந்துவிட்டோம். மின்தொழிலாளி நான்கு மைல் போனார். படத்தில் வட்டம் வரைய வேண்டிய வேளை வந்தது. வழக்கறிஞர் மூன்று மைல் என்றார். ஆசிரியை நம்மைப் பார்த்துவிட்டு, இரண்டு மைலுக்குப் பென்சிலால் வட்டமிட்டார். வல்லவரின் கால்களை அளவாகக் கொள்ளாமல் மெல்லியவரின் கால்களையே அளவாகக் கொண்டனர். அம்மெல்லியவர் நாமாயிருந்தமையால் தலை குனிந்தோம்.

பின்பு விதிகள் எழுதப்பட்டன. வட்டத்துக்கு வெளியே எத்துணைப் பெரிய மான் நின்றாலும் சுடலாகாது. பிற்பகல் இரண்டு மணிக்குமேல் முகாமிலிருந்து ஒரு மைலுக்கப்பால் சுடலாகாது. சுடுமுன் அருகிலிருப்பவர் ஒருவர் 'வேண்டாம்' என்றால் அதுவே முடிவு, காரணம் கேட்கலாகாது. இறைச்சி ஆறு சம கூறு.

கடைசி விதிக்கு வழக்கறிஞர் மறுப்புரைத்தார். "சுட்டவனுக்குக் கொம்பும் இரண்டு கூறும் உரியவை. திறமைக்கு மதிப்பு வேண்டாமா?" என்றார். தச்சர் புன்னகை செய்து, "தம்பி, போன ஆண்டு நீங்கள் சுட்டீர்கள். என்னைச் சுமந்தவர்கள் நால்வர். அவர்களுக்கு எத்தனை கூறு?" என்று கேட்டார். அதற்குமேல் வழக்கறிஞர் வாதாடவில்லை.

இன்னொன்றும் அம்மேசையில் நடந்தது. முதற் பருவமாகிய ஐந்து நாள் வேட்டைக்கு அனுமதி வேண்டின், ஏப்ரல் தொடக்கத்திற்குள் விண்ணப்பித்துக் குலுக்கலிற் காத்திருத்தல் வேண்டும். குலுக்கலிற் பெறாதவர்க்கு ஆண்டுக்கொரு புள்ளி சேரும்; புள்ளி மிகுந்தவர்க்கே நல்ல காடு. கூட்டாக விண்ணப்பித்தால், அவர்களுள் மிகக் குறைந்த புள்ளியுடையவர் யாரோ அவர் புள்ளியே எல்லார்க்கும் கணக்காகும் என்பது அன்றைய விதி. தச்சரிடம் ஆறு ஆண்டுப் புள்ளிகள் இருந்தன. நம்மிடம் ஒன்றும் இல்லை. "உங்கள் சேமிப்பு வீணாகுமே, தனியே விண்ணப்பியுங்கள்" என்றோம். "நல்ல காடு எது? தனியாக விழுந்து கிடக்கும் காடா?" என்று கேட்டு, நம் பெயருக்குக் கீழே தம் பெயரை எழுதினார்.

ஆறு கூறு என்று வகுத்தபோது நம் மனம் அம்மேசையோடு நிற்கவில்லை. அம்மலைகளில் அதற்குமுன் வேட்டையாடியவர் யூட் மக்கள். 1879 ஆம் ஆண்டு அரசாங்க முகவருக்கும் அவர்களுக்கும் மூண்ட மோதலின்பின், 1881 ஆம் ஆண்டு அப்பகுதி யூட் மக்கள் யூட்டா நிலத்துக்கு வெளியேற்றப்பட்டனர். பின்பு வந்தோர் இறைச்சி விற்கக் கொன்றதில் எல்க்கும் அருகிப் போயிற்று. 1913, 1914 ஆம் ஆண்டுகளில் எல்லோஸ்டோனிலிருந்து எல்க்குகளைக் கொண்டுவந்து எஸ்டெஸ் பார்க் பகுதியில் விட்டனர். 1937 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரிப்பணம் வனவிலங்கைப் பேணச் செலவாகி வருகின்றது. ஆகவே, அங்கு ஒருவன் காணும் மான் அவன் அதிர்ஷ்டத்தால் வந்ததன்று. பலர் இழந்தும் பலர் சுமந்தும் வந்ததாம். கூறு போடுகையில் கூறு கிடைக்காதவரையும் நினைத்தல் நேர்மை.

2018 ஆம் ஆண்டு அக்டோபரில் மீண்டும் அம்மேட்டில் ஏறினோம். மூன்றாம் நாள் பிற்பகல் நான்கு மணி. நாமும் வழக்கறிஞரும் ஒரு முகட்டில் அமர்ந்திருந்தோம். துப்பாக்கி நம் கையில் இருந்தது. பள்ளத்துக்கு அப்பால் ஆறு கிளைக் கொம்போடு ஓர் ஆண் எல்க் வெளிப்பட்டு, அந்திவெயிலில் அசையாது நின்றது. பென்சில் வட்டத்துக்கு அப்பாலென்று நாம் அறிவோம். அறிந்தும் துப்பாக்கியை உயர்த்தினோம். உண்மையை மறையாது சொல்லுகின்றோம்: அக்கணத்தில் நமக்குத் தச்சர் நினைவில்லை, அழுகிய தொடை நினைவில்லை, 'யாரேனும் சுமப்பார்கள்' என்ற ஓர் எண்ணமே இருந்தது. துரைமாரின் எண்ணமும் அதுவன்றோ!

"வேண்டாம்" என்றார் வழக்கறிஞர், மெல்லிய குரலில்.

துப்பாக்கியைத் தாழ்த்தினோம். மான் சற்று நேரம் நம் பக்கம் பார்த்துவிட்டு மரங்களுக்குள் மறைந்தது. அன்று நம்மை வென்றது அச்சிறு சொல். சனவரியில் மேசையருகே அமர்ந்து விதியாக எழுதியிராவிடில், அச்சொல்லை அவரும் உரைத்திரார்; நாமும் கேட்டிரோம். ஆசை எழும் நேரத்தில் அறிவைத் தேடினால் கிடைப்பதில்லை. அறிவுள்ள நேரத்தில் எழுதி வைத்ததே அப்போது உதவுகின்றது.

நான்காம் நாள் காலை முகாமிலிருந்து ஒன்றரை மைலில் லாரி ஓட்டுநர் ஒரு சிறிய ஆண் எல்க்கை வீழ்த்தினார். ஐவரும் சுமந்தோம், மாலைக்குள் எல்லாம் முகாமில் தொங்கின. தச்சர் சோறாக்கி வைத்திருந்தார். இறைச்சியை ஆறு குவியலாக வைத்தபின் அவர் முதுகு காட்டி நின்று, ஆசிரியை சுட்டிய ஒவ்வொரு குவியலுக்கும் ஒவ்வொருவர் பெயர் கூறினார். நம்மூரில் கூறு போடுவதும் ஏறக்குறைய அவ்வாறே! கொம்பு ஒருவர் வீட்டுச் சுவருக்கும் போகவில்லை. ஆசிரியையின் வகுப்பறைக்குப் போயிற்று. அதன் கீழே மாட்டிய அட்டையில் சுட்டவர் பெயர் தனியே இல்லை. ஆறு பெயர்கள் அகரவரிசையில் உள்ளன.

அன்றிரவு சட்டையைக் கழற்றியபோது நம் இடத்தோள் சிவந்து கன்றியிருந்தது. நெடுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தோம். பாட்டனார் சுமந்தது பிறர்க்கு. நாம் சுமந்தது நமக்கும் நம் தோழர்க்கும். தோள் ஒன்றே; வலியும் ஒன்றே; ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

அன்பர்களே! நீங்கள் மலைக்குப் போக வேண்டுவதில்லை. மானைத் தேட வேண்டுவதில்லை. நால்வர் கூடி வாசகசாலை அமைத்தாலும், திருமணம் நடத்தினாலும், சங்கம் தொடங்கினாலும், மேசையைச் சுற்றி அமர்ந்ததும் மாலை யாருக்கு, மேடையில் யார் என்று கேட்பதற்குமுன் ஒன்று கேளுங்கள்: சுமப்பவர் யார்? அதற்கு விடை எழுதியபின் மற்றவற்றைப் பேசுங்கள்.