அழலும் சுபாவமும்

புதுமைப்பித்தன் 1948ல் திருவனந்தபுரத்தில் க்ஷயரோகத்தால் இறந்தார். வயது 42. இத்தோடு நிறுத்திக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. அவருடைய கசப்பு, யாரையும் விட்டுவைக்காத அந்தக் கிண்டல், உள்ளே கனன்றுகொண்டிருந்த ஏதோ ஒன்று, அதுதான் அவரைத் தின்றது என்று சேர்த்துச் சொல்லிக்கொள்கிறோம். எழுத்தாளர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் குரலில் துக்கத்தைவிடப் பெருமிதமே அதிகம். தன் ஈரலில் வலி வந்தால் அதற்கும் இப்படி ஒரு காரணம் கிடைக்கும் என்ற முன்யோசனையாகவும் இருக்கலாம்.

க்ஷயத்துக்குக் காரணம் ஒரு கிருமி என்பதை 1882லேயே கோஹ் பெர்லினில் சொல்லியாயிற்று. 1943ல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரண நோயாளியின் கைக்கு அது எட்டுகிற காலம் வருமுன் அவர் போய்விட்டார். இதற்குப் பிறகு நடந்ததுதான் நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம். 1956ல் சென்னையில் ஒரு பரிசோதனை ஆரம்பித்தது. நோயாளிகளில் பாதிப் பேரை ஸானடோரியத்தில் வைத்தார்கள். அங்கே ஓய்வு, காற்று, நல்ல சாப்பாடு எல்லாம் உண்டு. மீதிப் பேருக்கு மாத்திரையைக் கொடுத்து அவரவர் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். நெருக்கடியான வீடுகள், அரை வயிற்றுச் சாப்பாடு. ஒரு வருஷ முடிவில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தன. 1959ல் வெளிவந்த இந்த முடிவு உலகெங்கும் ஸானடோரியங்கள் மூடப்படக் காரணங்களில் ஒன்றாயிற்று. மலைக்காற்றில் சாய்வு நாற்காலி போட்டு ஒருவன் தன் ஆத்மாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் ஐரோப்பிய நாவலின் சித்திரத்துக்கு சேத்துப்பட்டில் முடிவு கட்டினார்கள் என்று சொன்னால் மிகையாகாது. மாத்திரை தேடிப் போனது கிருமியை. ஆளுமையை அல்ல.

நான் இதை இப்போது எழுத வேண்டிவந்ததற்கு என் அக்கா காரணம். பதினோரு வருஷமாக அவளுக்கு முடக்குவாதம். காலையில் எழுந்ததும் இரண்டு மணி நேரம் விரல்கள் மடங்காது. டபராவை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்குவாள். மணிக்கட்டைத் தொட்டால் இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட மாதிரி இருக்கும். அழற்சி என்று நாம் பாடப் புத்தகத்துக்காகச் செய்துகொண்ட சொல்லுக்குள் அழல் இருக்கிறது என்பதை நான் அந்த மணிக்கட்டில்தான் தெரிந்துகொண்டேன். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று ரோமாபுரியில் ஸெல்ஸஸ் எழுதி வைத்த நான்கு அடையாளங்களும் ஒரு சாண் இடத்தில். இந்தச் சூட்டை இப்போது ரத்தத்தில் அளக்கிறார்கள். ஸி-ரியாக்டிவ் புரோட்டீன் என்று ஈரல் சுரக்கும் ஒரு பொருள். 1930ல் நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் முதலில் கண்டது. சாதாரணமாக லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அக்காவுக்கு ஒரு சமயம் 48.

அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு டாக்டர் சொன்னார்: "எல்லாத்தையும் மனசுல போட்டுப் புழுங்காதீங்கம்மா. உங்க சுபாவம்தான் பாதி வியாதி." அன்பாகத்தான் சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள். பஸ்ஸில் வரும்போது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அப்போ எம்மேலதான் தப்பாடா?" என்றாள்.

டாக்டரின் வாக்கியம் அவருடையதல்ல. அதற்கு வம்சாவளி உண்டு. சிகாகோவில் இருந்த ஃப்ரான்ஸ் அலெக்ஸாண்டர் என்ற மனோதத்துவ ஆய்வாளர் 1950ல் வெளியிட்ட புத்தகத்தில், மனமோதலில் வேர்கொண்டவை என்று ஏழு நோய்களை விவரித்தார். குடல்புண், ஆஸ்த்மா, ரத்த அழுத்தம் என்று போகும் பட்டியலில் முடக்குவாதமும் உண்டு. கோபத்தை விழுங்கிக்கொண்டு மற்றவர்களுக்காக உழைத்துத் தேயும் பெண்ணுக்கு அது வரும் என்பது அந்தப் பள்ளியின் கட்சி. என் அக்காவைப் பார்க்காமலே எழுதிய அக்காவின் சித்திரம். ஆனால் எங்கள் தெருவில் இந்தச் சித்திரத்துக்குப் பொருந்தாத பெண் யார்? அத்தனை பேருக்கும் விரல் கோணியிருக்க வேண்டுமே. பட்டியலின் கதி என்ன ஆயிற்று என்பதும் தெரிந்ததுதான். பெர்த் நகரத்தில் 1982ல் வாரனும் மார்ஷலும் வயிற்றுப் புண்ணில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். நம்புவாரில்லாமல் 1984ல் மார்ஷல் அதைத் தாமே குடித்துக் காட்டினார். 2005ல் நோபல் பரிசு. கவலைப்படுகிறவனின் வியாதி ஆன்டிபயாடிக்கில் தீர்ந்தது.

மாரடைப்பின் கதை இன்னும் ருசிகரமானது. ஸான்ஃபிரான்ஸிஸ்கோவில் ஃப்ரீட்மன், ரோஸன்மன் என்ற இரண்டு இருதய டாக்டர்கள் அவசரக்காரனும் போட்டிக்காரனுமான மனிதனுக்கு டைப் ஏ என்று 1959ல் முத்திரை குத்தினார்கள். 1975ல் வந்த பெரிய ஆய்வு அவனுக்கு ஆபத்து இரண்டு மடங்கு என்றது. 1988ல் அதே ஆட்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, இருதய நோய் வந்தபின் அதிக காலம் தாக்குப்பிடித்தவர்கள் அந்த அவசரக்காரர்களே. இந்த ஆராய்ச்சிக்குப் பல வருஷங்கள் புகையிலைக் கம்பெனிகளிடமிருந்து பணம் போயிருந்தது என்பதும் பிறகு வெளிவந்தது. கொல்வது சிகரெட் அல்ல, சுபாவம் என்று நிரூபிக்க யாருக்கு அக்கறை இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. லண்டனில் ஐஸங்க் என்ற பிரபல மனோதத்துவப் பேராசிரியர் புற்றுநோய் ஆளுமை என்று ஒன்று உண்டென்று நம்பமுடியாத எண்களோடு எழுதினார். அவருக்கும் அதே பணம் போயிருந்தது. அவர் இறந்து இருபத்திரண்டு வருஷம் கழித்து, 2019ல், அவர் வேலை பார்த்த கல்லூரியே அவர் பெயர் உள்ள 26 கட்டுரைகளை நம்பத் தகாதவை என்று அறிவித்தது.

எல்லாம் புரளி என்று மூட்டை கட்டிவிட்டால் எனக்கு சௌகரியம். ஆனால் அப்படி இல்லை. பொறுப்பும் ஒழுங்கும் உள்ளவர்களின் ரத்தத்தில் இந்த அழற்சியின் அளவு சற்றுக் குறைவாக இருப்பதைப் பல ஆயிரம் பேரிடம் அளந்து சொல்லியிருக்கிறார்கள். சற்று என்பதை அடிக்கோடிட வேண்டும். அந்தச் சற்றிலும் ஒரு பகுதி சிகரெட், உடல் பருமன் இவற்றின் வழியாகவே வருகிறது. கலிஃபோர்னியாவில் 1921ல் டெர்மன் ஆரம்பித்த ஆய்வில் சுமார் ஆயிரத்தைந்நூறு குழந்தைகளை அவர்கள் கிழவர்களாகிச் சாகிறவரை பின்தொடர்ந்தார்கள். நீண்ட நாள் இருந்தது கலகலப்பான குழந்தைகள் அல்ல. நோட்டுப் புத்தகத்துக்கு ஒழுங்காக அட்டை போட்ட குழந்தைகள். நம் வட்டத்துக்கு இது ரசிக்காது. சந்தாக் கணக்கைத் தொலைக்காத சிறுபத்திரிகை ஆசிரியர் யாராவது இருந்தால் அவர் நூறு வயது இருப்பார்.

இதைவிட என்னை உலுக்கியது ஒரு சின்னப் பரிசோதனை. 1995ல் ஒஹையோவில், மறதி நோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பராமரித்துவந்த பதின்மூன்று பெண்களின் கையில் ஒரு சிறு காயத்தை உண்டாக்கினார்கள். பென்சில் முனையளவு. அதே வயதும் அதே வசதியும் உள்ள மற்றப் பதின்மூன்று பேருக்கும் அவ்வாறே. பராமரித்தவர்களின் காயம் ஆற சராசரி ஒன்பது நாள் அதிகம் பிடித்தது. இதைச் சுபாவத்தின் கணக்கில் எழுத முடியாது. சாந்தமானவளோ சிடுசிடுப்பவளோ, ராத்திரி நாலு தடவை எழுந்து ஒருவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போகிறவளின் காயம் அது. அக்கா மாமியாரை ஆறு வருஷம் அப்படிப் பார்த்தாள். அதனால்தான் வியாதி வந்தது என்று நான் சொல்லவில்லை; அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் "மனசுல போட்டுக்காதீங்க" என்பவர் ஒரு சுமையைப் பார்த்து அதற்குக் குணம் என்று பெயர் வைக்கிறார். தூக்கிவைத்தவர்கள் அறைக்கு வெளியே நிற்கிறார்கள்.

அம்பு எதிர்த் திசையிலும் பாய்கிறது என்பதுதான் இதில் கடைசி முடிச்சு. ஈரல் அழற்சிக்கு முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போடுவார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் பொருள். அதைப் போட்டுக்கொண்டவர்களில் கணிசமானோர் சில வாரங்களில் மனச்சோர்வில் விழுந்தார்கள். அதுவரை அப்படியொன்றை அறியாதவர்களும்கூட. ஜுரத்தில் படுத்த மிருகம் மூலையைத் தேடி, தீனியை வெறுத்து, கிட்டே வருகிறதைப் பார்த்து உறுமுவது போல. அக்காவை "சிடுமூஞ்சி" என்று இன்று சொல்கிற அண்டை வீட்டாருக்கு வியாதிக்கு முந்திய அக்காவைத் தெரியாது. கல்யாண வீட்டில் சமையல்காரரையே மிமிக்ரி செய்து காட்டுவாள். நாம் ஒருவருடைய சுபாவம் என்று அடையாளம் காண்பதில் எத்தனை பங்கு அவர் ரத்தத்தில் அன்றைக்கு ஏறியிருக்கும் சூடு? பித்தத்தையும் பித்தையும் ஒரே வேரில் வைத்திருக்கும் மொழி நம்முடையது. வளி, அழல், ஐயம் என்று மனிதர்களைப் பிரித்த வைத்தியமும் இருந்தது. ஆனால் அந்த வைத்தியன் அழலைத் தணிக்கத்தான் மருந்து கொடுத்தான், அழலுக்காக நோயாளியைக் கண்டிக்கவில்லை.

புதுமைப்பித்தனுக்கு இந்த எதிர்த்திசை விளக்கமும் பொருந்தாது. அந்தக் கிண்டல் 1934ல் மணிக்கொடிக் கதைகளிலேயே இருக்கிறது, நுரையீரல் கெடுவதற்கு வெகு முன்பே. கதைகளைக் கதைகளாகவும் கிருமியைக் கிருமியாகவும் விட்டுவிடலாம். அவரை நோயால் மகிமைப்படுத்துகிறவரும் அக்காவை நோய்க்காகக் கண்டிக்கிறவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். முன்னவர் மாலையோடு வருகிறார் என்பதே வித்தியாசம்.

அக்காவுக்கு மருந்தை மாற்றினார்கள். வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை, மெத்தோட்ரெக்ஸேட். கூடவே ஞாயிற்றுக்கிழமை ஃபோலிக் அமில மாத்திரை. நாலு மாதம் கழித்துச் சீட்டில் 9 என்று இருந்தது. அதே டாக்டர் பார்த்து சந்தோஷப்பட்டார். "மனசு இப்ப லேசாயிருக்கு போலிருக்கே?" என்றார். "மாத்திரை ஒத்துக்கிட்டிருக்கு டாக்டர்" என்றாள் அக்கா. மருந்துக் கடையில் பாக்கிச் சில்லறையை ஒரு கையாலேயே எண்ணி வாங்கினாள்.