வெள்ளம் வடிந்த பிறகு

ஊரில் வெள்ளம் என்று செய்தி வந்தால் இங்கே எல்லோர் வீட்டிலும் தொலைபேசி ஓயாது. ஒரு கிழமைக்கு அதே கதை, அதே கவலை. பிறகு வெள்ளம் வடிந்துவிட்டது என்றதும் நாங்கள் ஆறுதல் அடைகிறோம். ஆனால் பசி வருவது அதற்குப் பிறகுதான். இங்கு புதிதாக வந்து குடியேறியிருக்கும் எம் உறவுகளுக்கு அதைப்பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

நாங்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல. ஒரே தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் ஐந்து பேர். ஐவரும் கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்காரரின் பிள்ளைகள். இரணைமடுத் தண்ணீரிலும் மாரி மழையிலும் விளைந்த சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

எங்கள் பக்கத்தில் முக்கியமானது காலபோகம். புரட்டாதி, ஐப்பசியில் விதைத்து, தை, மாசியில் வெட்டுவார்கள். சிறுபோகம் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. தண்ணீர் குறைந்தால் கூட்டம் கூடி, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று பங்கு பிரிப்பார்கள். ஆகவே மாரி பொய்த்தால் இரண்டு போகமும் அடிபடும்.

2016ஆம் ஆண்டின் கடைசியில் அப்படித்தான் மாரி பொய்த்தது. நாட்டின் நெல் விளைச்சல் முந்திய வருடத்தைவிட ஏறக்குறைய 40 வீதம் குறையும் என்றும், 9 இலட்சத்துக்கு மேற்பட்டோர் உணவுக்குத் திண்டாடுகிறார்கள் என்றும் ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் 2017இல் அறிக்கை விட்டன. அதற்கடுத்த வருடமே, 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருமழை கொட்டி, இரணைமடுவின் வான்கதவுகளைத் திறக்க வேண்டி வந்தது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கியது.

வெள்ளம் வந்த கிழமையில் சனத்துக்குச் சமைத்த சாப்பாடு கிடைக்கும். பள்ளிக்கூடங்களில் தங்க வைப்பார்கள். உலருணவும் வரும். தை பிறக்கும்போதுதான் உண்மையான கணக்குத் தொடங்கும். பட்டடையில் இருந்த பழைய நெல் முடிந்திருக்கும். வெட்டுவதற்குப் புது நெல் இல்லை. உழவுக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனை வெட்டு முடியத் தருவதாகச் சொல்லியிருப்பார்கள். நகை ஏற்கெனவே அடைவில் இருக்கும். காணி இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். வயலில் புல்லுப் பிடுங்கவும் வேலையில்லை, வெட்டுக் காலத்துக் கூலியும் இல்லை. போரில் கணவனை இழந்து தனியே பிள்ளைகளை வளர்க்கும் பெண்களில் பலர் இந்தக் கூலியை நம்பித்தான் இருக்கிறார்கள்.

வரட்சியோ சத்தமில்லாமல் வரும். தொலைக்காட்சியில் காட்ட ஒன்றும் இருக்காது, இங்கிருந்து யாரும் பதறி அழைக்கவும் மாட்டார்கள். 2017இல் எங்களில் ஒருவரின் தாயார் தொலைபேசியில் ஒவ்வொரு முறையும், "நாங்கள் சாப்பிட்டிட்டம், நீ சாப்பிட்டியோ தம்பி?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். விதைக்க வைத்திருந்த நெல்லையே அவித்துக் குத்திப் பேரப்பிள்ளைகளுக்குச் சோறாக்கினார் என்பது, விதைப்புக் காலத்தில் மகள் சொல்லித்தான் தெரியவந்தது. விதைநெல்லைச் சாப்பிட்ட வீட்டில் அடுத்த மாரி நன்றாகப் பெய்தாலும் விதைக்க ஒன்றும் இராது. கடனுக்கு விதை வாங்கினால் விளைச்சலில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடும்.

அன்றிலிருந்து நாங்கள் ஐவரும் சம்பளத்தில் சிறு தொகையை மாதாமாதம் ஒரு பொதுக் கணக்கில் போட்டு வருகிறோம். வெள்ளக் கிழமையில் அதைத் தொடுவதில்லை. வெட்டுப் பிழைத்த வருடத்தில் பங்குனி, சித்திரையில் அரிசிக்கும், புரட்டாதியில் விதைக்கும் அனுப்புகிறோம். ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் போதும். இரண்டு ஏக்கர் செய்யும் குடும்பத்துக்கு நாலு புசல், அதாவது 80 கிலோவுக்குச் சற்று மேல். அந்த உதவி நேரத்துக்குக் கிடைத்தால் ஒரு குடும்பம் வட்டிக்காரரின் வாசலுக்குப் போகாமல் தப்பும்.

உங்களுக்கும் வந்த கடன், வீட்டு வாடகை, பிள்ளைகளின் செலவு என்று ஆயிரம் இருக்கும். எங்களுக்கும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. உடனே பணம் அனுப்பச் சொல்லி இதை எழுதவில்லை. ஊருக்குக் கதைக்கும்போது "சாப்பிட்டாச்சோ?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு எங்கள் தாய்மார் ஒருநாளும் உண்மை சொல்லமாட்டார்கள். விதைநெல் இருக்கிறதா, நகை எங்கே இருக்கிறது, பக்கத்து வீட்டில் காணி இல்லாத குடும்பம் என்ன செய்கிறது என்று கேளுங்கள். வெள்ளம் வடிந்து மூன்று மாதம் கழித்தும் கேளுங்கள்.