எப்போது ஒழுகுகிறது?

“இன்ஜினைக் கழுவிட்டு வந்தீங்களா சார்?” என்றுதான் மெக்கானிக் முதலில் கேட்டார். இல்லை என்று நண்பர் சொன்னதும் முகத்தில் ஒரு திருப்தி.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை அது. பழைய பொலிரோ, சுமோ, குவாலிஸ், முதல் தலைமுறை ஸ்கார்பியோ என்று வயதான வண்டிகள்தான் வாசலில் நிற்கின்றன. கொண்டுவருகிறவர்களில் பலர் மரியாதைக்காக வாட்டர் சர்வீஸ் செய்து, இன்ஜின் பளபளக்க நிறுத்துவார்களாம். “தடயத்தை எல்லாம் கழுவி ஊத்திட்டு வந்து, யார் செஞ்சதுன்னு கண்டுபிடின்னா நான் எங்க போவேன்?” என்கிறார். அப்படி வரும் வண்டியை நாலு நாள் ஓட்டிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

அழுக்கை அவர் வாசிக்கிறார். டீசல் கசியும் இடத்தில் தூசி மெல்லிய ஈரப் பூச்சாகப் படியும். விரலில் தேய்த்தால் வழுக்கும், மணம் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் ஆயில் கசிந்தால் தார்போல் கெட்டியாகும். கூலன்ட் கசிந்து காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குக் கட்டும். பொருக்கு மட்டும் இருந்து ஈரம் இல்லையென்றால், வண்டி சூடாகும்போது மட்டும் கசிந்து, ஆறியதும் அடைத்துக்கொள்ளும் வெடிப்பு. பழைய கசிவும் புதுக் கசிவும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். எது மேலே என்று பார்த்தால் எது பிந்தையது என்று தெரிந்துவிடும்.

நண்பருடையது 2002 மாடல் பொலிரோ. பிஒய்-01 பதிவெண், அப்பா வாங்கியது, விற்க மனமில்லை. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. உள்ளே டீசல் வாடை. மாலை நெரிசலில் இந்திரா காந்தி சிலை சிக்னலில் நின்றால் சூட்டு முள் ஏறுகிறது. “எங்க ஒழுகுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்றார் நண்பர்.

“எங்கங்கறதை நான் பாத்துக்கறேன். எப்போங்கறதை நீங்கதான் சொல்லணும்.”

பானெட்டைத் திறக்காமலே கேள்விகள் தொடங்கின. காலையில் மட்டும்தான் அடம்பிடிக்கிறதா, மதியம் நிறுத்தி எடுத்தாலுமா? ராத்திரி நிற்கும் இடம் சரிவா, சமதரையா? டேங்க் நிரம்பியிருக்கும்போது வாடை அதிகமா, கால் டேங்கிலுமா? சூடு ஏறுவது நிற்கும்போதா, கிழக்குக் கடற்கரைச் சாலையில் எண்பதில் போகும்போதா? ஏசியை அணைத்தால் முள் இறங்குகிறதா? தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை குறைகிறது? பாதிக் கேள்விகளுக்கு நண்பரிடம் பதில் இல்லை. ஒரு வாரம் கவனித்துவிட்டு வரச் சொன்னார் மெக்கானிக். பதில்களோடு போனபோதுதான் பானெட் திறந்தது.

இந்த வண்டிகளுக்கும் இந்த ஊருக்கும் ஒரு வேடிக்கையான உறவு உண்டு. 1980களில் மஹிந்திரா ஜீப்புகளில் ஏறிய டீசல் இன்ஜின், பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் பெற்றுச் செய்தது. 2000இல் பொலிரோ வந்தபோதும் அந்த வழி வந்த இன்ஜின்தான் அதற்குள் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன ஊரில், அவர்கள் வடிவமைத்த இன்ஜினின் வாரிசை நம் ஆட்கள் இன்னமும் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். மெக்கானிக்குக்கு இதில் அக்கறை இல்லை. “எவன் செஞ்சாலும் செம்பு வாஷர் போனா ஒழுகும் சார்.”

காலை அடத்தை முதலில் எடுத்துக்கொண்டார். டேங்குக்கும் பம்புக்கும் இடையே டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்தப் பாதையில் வெடிப்பு இருந்தால் வண்டி ஓடும்போது சொட்டாது. காற்றை உள்ளே இழுக்கும். ராத்திரி முழுக்க அந்த வழியே காற்று புகுந்து, குழாயில் நின்ற டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் ஸ்டார்ட்டர் சுற்றிச் சுற்றி வெறும் காற்றைத்தான் தள்ளும். தரையில் ஒரு பொட்டு இல்லை, ஆனாலும் இது லீக்தான். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் இருந்த கறுப்பு ஹோஸ்களைக் கழற்றிவிட்டு, உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக் ஹோஸ்களை மாட்டினார். ஸ்டார்ட் செய்ததும் டீசலோடு பொடிப் பொடிக் குமிழ்கள் ஓடின. “ஏர் எடுக்குது அண்ணா” என்றான் உதவிக்கு நின்ற பையன், நமக்குச் சொல்கிற தோரணையில். ஃபில்டர் தலையில் இருக்கும் ஹேண்ட் பிரைமரைத் தாண்டிக் குமிழ், அதற்கு முன்னால் குமிழ் இல்லை. பிரைமரின் உள்ளே இருந்த ரப்பர் கிழிந்திருந்தது.

டீசல் வாடை வேறு கதை. நாசில்களின் தலையை இணைக்கும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ்கள், நூல் சுற்றிய ரப்பர், இருபது வருடச் சூட்டில் பிஸ்கட்டாகிவிடும். அந்த இடத்தைத் துணியால் துடைத்து, காற்றடித்து உலர்த்தி, டப்பாவிலிருந்து முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டதும் மூன்றாவது நாசில் பக்கம் வெள்ளைப் பரப்பில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. கோட்டின் அடியை யாரும் பார்க்கவில்லை. எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் பார்த்தார்கள்.

பக்கத்தில் ஒரு காமன் ரெயில் ஸ்கார்பியோ நின்றது. அங்கே இந்தத் தொட்டுப் பார்க்கும் வித்தைக்கு இடமில்லை. பழைய பம்பில் நாசில் வாய்க்குச் சில நூறு பார் அழுத்தம். காமன் ரெயிலில் 1,600 பார் வரை போகும். கண்ணுக்குத் தெரியாத ஊசிப் பீச்சு தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் ஏற்றிவிடும்; வெளியே சின்னப் புள்ளி, உள்ளே விரலையே எடுக்கவேண்டிய நிலை. சந்தேகமான இடத்தில் அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்கிறார்கள், கையை நீட்டுவதில்லை. ஸ்கேனரை மாட்டினால் ரெயில் அழுத்தம் குறைவு என்று எழுத்து வரும். ஏன் குறைவு என்று அது சொல்லாது. அதற்கு நாலு பழைய பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி, ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் ஒவ்வொன்றில் விட்டு, எதில் சீக்கிரம் நிறைகிறது என்று பார்க்கிறார்கள். பெரிய ஷோரூம்களில் ஸ்கேனர் சொன்னதைக் கேட்டு பம்பையே மாற்றிவிடும் பழக்கத்தைவிட இந்த நாலு பாட்டில்கள்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

பொலிரோவின் ரோட்டரி டீசல் பம்பில், ஆக்சிலரேட்டர் தண்டிலும் லேசான ஈரம் இருந்தது. அந்த வேலை தனி ஆளுடையது. கதவைச் சாத்திய அறை, டெஸ்ட் பெஞ்ச், கையில் மண் இல்லாத மனிதர். மைக்கோ நிறுவனம் 2008இல் பாஷ் என்று பெயர் மாறியும் இவருக்கு அது இன்னும் ‘மைக்கோ பம்ப்’தான். பழைய பம்புகளின் ஓ-ரிங்குகள் இப்போது சீக்கிரம் சுருங்குவதாகச் சொன்னார். நம்ப இடமிருக்கிறது. 2000ஆம் ஆண்டு வாக்கில் இந்திய டீசலில் கந்தகம் 2,500 பிபிஎம் வரை அனுமதி. 2020 ஏப்ரல் முதல் 10 பிபிஎம். கந்தகம் நீக்கும் சுத்திகரிப்பில் ரப்பரை உப்பவைத்துப் பிடித்துக்கொள்ளும் சில பொருள்களும் குறைகின்றன. 1993இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோதும் பழைய வண்டிகளின் சீல்கள் கசிந்தது பெரிய புகாரானது. காற்றுக்கு நல்லது, பழைய ரப்பருக்கு அல்ல.

சூட்டுப் பிரச்சினைக்கு வருவோம். நண்பரின் பதில்: நிற்கும்போது ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது, ஏசி போட்டால் மோசம். இதைக் கேட்டதுமே மெக்கானிக் ஹெட் கேஸ்கெட்டை மனதிலிருந்து எடுத்துவிட்டார். ஓடும்போது எதிர்க்காற்று வந்து காப்பாற்றுகிறது என்றால், நிற்கும்போது காற்று போதவில்லை என்று பொருள்: ஃபேன், அதன் விஸ்கஸ் கிளட்ச், ஷ்ரவுட், ரேடியேட்டரின் இதழ்கள். இதற்கு நேர்மாறாக, சிக்னலில் சும்மா இருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில் அடைப்பு. குளிர்ந்த இன்ஜினை எடுத்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், அது தண்ணீரின் சூடு தந்த அழுத்தமாக இருக்க முடியாது. சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் புகுகிறது. அப்போதுதான் ஹெட். “ஹெட்டைக் கழட்டறது கடைசி. சில பேர் அதுலதான் ஆரம்பிப்பாங்க, அதுலதான் காசு.”

முதலில் அவர் கையில் எடுத்தது ரேடியேட்டர் மூடி. அதன் ஸ்பிரிங் கிட்டத்தட்ட 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கினால் உள்ளே தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்தால் 100 டிகிரியிலேயே கொதித்து ரிசர்வ் பாட்டில் வழியாக வெளியே தள்ளும். கேஜ் வைத்த கைப் பம்பில் மாட்டி அழுத்தினார். முள் பாதியில் நின்று இறங்கியது. அதே பம்பை ரேடியேட்டர் வாயில் வைத்து ஒரு பார் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனோம். வந்து பார்க்கும்போது வாட்டர் பம்பின் அடித் துளையில் ஒரு துளி நின்றது. சீல் போனால் தெரியட்டும் என்றே விட்டிருக்கும் துளை அது. அதை எம்-சீல் வைத்து அடைத்த புண்ணியவான்களும் உண்டாம்.

தெர்மோஸ்டாட் இல்லை. முன்பு எப்போதோ ஒரு பட்டறையில் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்பது தமிழ்நாடு முழுக்க உள்ள நம்பிக்கை. 82 டிகிரி வாக்கில் திறக்கும் அந்த வால்வு, திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும் வகையைச் சேர்ந்தது. எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே இன்ஜினுக்குள் சுற்றும். குளிர்ச்சிக்காக எடுத்தது சூட்டுக்குக் காரணமாகிறது.

ரேடியேட்டரை இறக்கியதும் நிஜமான குற்றவாளி தெரிந்தது. கீழ்ப் பாதியில் இதழ்களைத் தொட்டால் உதிர்கின்றன. கடற்காற்றின் உப்பு. நண்பரின் வீடு குருசுக்குப்பத்தில், அலைச் சத்தம் கேட்கும் தூரம். இதழ் இல்லாத குழாய்க்குச் சூட்டைக் காற்றிடம் கொடுக்க வழியில்லை. உள்ளேயும் சரியில்லை: குழாய்களின் வாயில் சுண்ணாம்புப் படிவு. போர்வெல் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றியதன் பலன். கடலோரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் உப்பு உள்ளே வந்துகொண்டிருக்கும் ஊர் இது. முத்திரப்பாளையத்திலிருந்து நல்ல தண்ணீர் வந்ததைக் கொண்டாட பாரதி பூங்கா நடுவில் ஆயி மண்டபம் கட்டி வைத்திருக்கும் ஊரும் இதுதான்.

ரேடியேட்டர் கடை இன்னொரு தெருவில். பெரியவர் ஒருவர், அவருக்கு உதவியாக மருமகன். இது பழைய பித்தளை ரேடியேட்டர் என்பதில் அவருக்கு மகிழ்ச்சி. வாய்களை அடைத்து, காற்றேற்றி, சிமெண்டுத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். குமிழ் வந்த இடங்களில் சுண்ணக்கட்டி நிற்காது என்பதால் ஆணியால் கீறி அடையாளம் வைத்தார். பிறகு கேஸ் விளக்கை நீட்டி மேல் தொட்டியின் ஈயத்தை உருக்கிக் கழற்றி, தட்டையான கம்பியை ஒவ்வொரு குழாயிலும் செலுத்தி ராட் அடித்தார். வெளியே வந்தது செங்கல் நிறச் சேறு. ஆசிட்டில் துத்தநாகத் துண்டுகளைக் கரைத்துவைத்த புட்டியிலிருந்து பிரஷ்ஷால் தடவி, மீண்டும் ஈயப்பற்று. கை நடுங்கவில்லை, மூக்கில் துணியும் இல்லை. ரேடியேட்டர் ஈயப்பற்றில் காரீயம்தான் பெரும்பங்கு. இந்தத் தொழிலாளிகளின் ரத்தத்தில் காரீயம் ஏறுவதைப் பல நாடுகளில் அளந்து எழுதியிருக்கிறார்கள். மருமகன் ஈயக் குச்சியைப் பிடித்த கையோடு வாசலில் நின்று சாப்பிட்டுவிட்டு மீண்டும் அதை எடுத்ததைப் பார்த்து நான் இதைச் சொன்னேன். “சோப்பு போட்டுதான் கழுவறோம்” என்றார் பெரியவர், பேச்சை முடிக்கும் குரலில்.

அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் தொட்டியுமாக வரும் புது ரேடியேட்டர்களில் ஈயம் ஒட்டாது, ராட் அடிக்க முடியாது. கசிந்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது. இவருக்கு இப்போது ஜெனரேட்டர், டிராக்டர், பழைய லாரிதான் சோறு போடுகின்றன. நண்பருக்கு அவரே சொன்ன யோசனை: “கோரை மாத்திடுங்க சார். நான் ராட் அடிச்சாலும் இதழை ஒட்டவைக்க முடியாது.” தன் வேலையைத் தானே குறைத்துச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அங்கே மீண்டும் போகலாம்.

புதுக் கோர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், மூடி, காய்ச்சி வடித்த தண்ணீரில் பாதிக்குப் பாதி கூலன்ட். வண்டி சிக்னலில் நின்றது, முள் அசையவில்லை. டீசல் வாடை மட்டும் முழுதாகப் போகவில்லை. டேங்க் நிரப்பிய நாளில் திரும்பி வந்தது. மெக்கானிக் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தார். நிரம்பியிருக்கும்போது மட்டும் கசிந்தால் ஓட்டை டேங்கின் தலையில். வரி குறைவால் இங்கே டீசல் தமிழ்நாட்டைவிட மலிவு. விழுப்புரத்துக்காரரும் கடலூர்க்காரரும் வந்து கழுத்துவரை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். வேறு ஊரில் அரை டேங்கில் மறைந்திருக்கும் ஓட்டை இந்த ஊரில் வெளிப்பட்டுவிடுகிறது என்கிறார் அவர். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, தெருவில் மூழ்கி நின்ற வண்டிகளுக்கு அதே ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போனது. சில வாரங்களுக்கு டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீர் வடிப்பதே பட்டறையின் பிழைப்பாக இருந்திருக்கிறது.

டேங்கை இறக்கினார்கள். மேல்புறத்துக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே விரற்கடை இடுக்கில் மணலும் சேறும் அடைந்து, ஃப்ளோட் உட்காரும் வளையத்தைச் சுற்றித் துரு அரித்திருந்தது. கேஸ்கெட் மாற்றினால் போதுமா என்றார் நண்பர். உட்காரத் தகடு வேண்டுமே என்றார் மெக்கானிக். வெல்டிங் வைக்கலாம், அதற்கு டேங்கை நன்றாகக் கழுவி, நீராவி விட்டு, தண்ணீர் நிரப்பிவைத்துத்தான் நெருப்பைக் கிட்டே கொண்டுபோக முடியும், அப்படியும் ஒரு மழைக்காலம்தான் தாங்கும். சென்னை புதுப்பேட்டையில் பழைய டேங்க் கிடைக்கும் என்று நண்பர் போனை எடுத்தார்.

“கேளுங்க. விலையைக் கேக்கறதுக்கு முன்னாடி, அந்த வண்டி எந்த ஊர்ல ஓடுச்சுன்னு கேளுங்க. வேலூர், திருவண்ணாமலைன்னா வாங்குங்க. மெட்ராஸ் வண்டின்னா இதையே வெல்டிங் வெச்சுக்கலாம்.”