மச்சான் பிடித்த கயிறு

லீவு விட்டால் ஊட்டிக்கு ஓடும் அன்பர்களே, நாங்கள் போனது தருவைகுளம். நான், மனைவி, இரண்டு வாண்டுகள், கூடவே மச்சினன். தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டி பஸ் இறக்கிவிடுகிறது.

முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து நிறுத்தி, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். இங்கே டிக்கெட் கிடையாது. கரையில் வலை தைக்கிற பெரியவர், நாம் பார்த்தாலும் தைப்பார், பார்க்காவிட்டாலும் தைப்பார்.

"முத்து எங்கே தாத்தா?" என்றான் பெரியவாண்டு.

"அது 1961-ஓட முடிஞ்சிட்டுய்யா."

நிஜம்தான். கொற்கைப் பாண்டியர் காலத்திலிருந்து பேர்போன முத்துக்குளிப்பு, தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது அந்த வருஷம். பாரில் சிப்பி இல்லாவிட்டால் குளிப்பு நிற்கும், சில வருஷம் கழித்து மறுபடி வரும். அந்தத் தடவை வரவேயில்லை.

குளிக்கிறவர் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, மூச்சடக்கி இறங்குவார். கீழே ஒரு நிமிஷம் சொச்சம். கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஆள் காலி! அதனால் கயிறு பிடிப்பது மனைவியின் உடன்பிறந்தவன் என்று சொல்வார்கள். அக்கா தாலி அவன் கையில் அல்லவா!

இப்போது விசைப்படகுகள் நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்குகின்றன. 2023-ல் இந்த ஊர் மீனவர்கள் 12 பேர் மாலத்தீவில் பிடிபட்டார்கள்.

"அம்புட்டு தூரத்துக்கு எந்த மச்சான் கயிறு பிடிப்பான்?" என்றார் பெரியவர்.

மத்தியானச் சாப்பாட்டில் மச்சினன் இலையில் மீன் துண்டு ஒன்று கூடுதலாக விழுந்தது. வைத்தது அடியேன்.