சத்திரவைத்தியரைத் தேடிய படலம்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலராசிரியர் கடிதம் விடுத்தபோது, பழைய மாணவர் பலரும் எழுதும் விடுதி வாழ்க்கையையும் கிரிக்கட் ஆட்டத்தையும் விடுத்து, எமது வயிற்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். கல்லூரியில் எம்மை ‘ஈர்க்கு’ என்று அழைத்த நண்பர்கள் இதனைப் படித்து நகைப்பர், நகைக்கட்டும். அவர்களுள்ளும் பலர் இன்று நீரிழிவுக்குக் குளிசை விழுங்குவதை யாம் அறிவோம்.

1985ஆம் ஆண்டு நாட்டைவிட்டு அகன்ற யாம், அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிரந்தர வதிவுரிமை பெற்று, 1990இல் அந்நாட்டுத் தரைப்படையிற் சேர்ந்தோம். களஞ்சியப் பகுதியிலே கணக்கெழுதிக் காலங்கழித்து 2012இல் இளைப்பாறினோம். படையில் இருந்தவரை எமது நிறையையும் இடுப்பையும் அளக்க அதிகாரிகள் இருந்தனர். இளைப்பாறியபின் அளப்பார் இலர். 2021இல் 168 சென்ரிமீற்றர் உயரத்திற்கு 104 கிலோ நிறையாயிற்று. உடல் நிறைச் சுட்டி 37ஐ அண்மியது. நீரிழிவும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயும் உடன் வந்து குடியேறின. நடையும் பத்தியமும் பல்லாண்டு செய்து பார்த்தும் பயனில்லை. இரைப்பையைச் சுருக்கும் சத்திரசிகிச்சையை நாடுமாறு எமது குடும்ப வைத்தியர் கூறினார்.

படையினர்க்கும் இளைப்பாறியோர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் உரிய மருத்துவக் காப்புத் திட்டத்துக்கு ‘ட்ரைக்கேர்’ என்று பெயர். சுட்டி 40ஐ எட்டியவர்க்கும், 35க்கு மேற்பட்டு நீரிழிவு போன்ற கொடிய நோயும் உடையவர்க்கும் அத்திட்டம் இச்சிகிச்சையின் செலவை ஏற்றது. வேறு வழிகளில் நிறை குறைக்க முயன்று தோற்றிருத்தலும் வேண்டும். தோல்விக்குச் சான்று கேட்ட ஒரே பரீட்சை எம் வாழ்நாளில் இதுவே. யாம் சேர்ந்திருந்த ‘பிறைம்’ என்னும் பிரிவிலே குடும்ப வைத்தியர் முதலில் விதந்துரைக்க வேண்டும். நோயாளியை ஏற்கும் முதலுரிமை படை வைத்தியசாலைக்கு உண்டு. அது ஏலாது எனக் கைவிட்டால், வலயத்து ஒப்பந்த நிறுவனம் வெளி வைத்தியர் ஒருவரின் பெயரைக் குறித்து அனுமதிக் கடிதம் அனுப்பும். அனுமதியின்றிச் சென்றாற் செலவிற் பாதிக்கு மேல் எம் தலையில் விழும். ‘செலெக்ற்’ என்னும் பிரிவினர் தம் வைத்தியரைத் தாமே தேடிக்கொள்ளலாம். ஆயினும் கட்டணப் பங்கு கூடுதலாகச் செலுத்த வேண்டியிருக்கும்.

எமக்கும் ஒரு கடிதம் வந்தது. அதிற் கண்ட பெயரைத் தலையெழுத்தென்றே கொண்டு அவரிடம் சென்றோம். இன்முகமும் இனிய சொல்லும் உடையவர். சுவரெங்கும் மெலிந்தோரின் படங்கள். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்து எஞ்சியதைக் குழாய்போல் ஆக்கும் சிகிச்சையே எமக்கு உகந்ததென்றார். எமது நெடுநாளைய நெஞ்செரிவைப் பற்றி அவர் கேட்கவில்லை, யாமும் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் எழுந்து கைகுலுக்கினார். ஆசிரியர் முன் எழுந்துநின்று, கேட்டதற்கு மாத்திரம் விடையிறுத்துப் பழகிய கல்லூரிப் பிள்ளையாகவே வெளியே வந்தோம். அக்கட்டுப்பாட்டை இன்றும் மதிக்கின்றோம். அன்று அது உதவவில்லை.

காரில் ஏறியதும் இல்லத்தரசியார் வாய் திறந்தார். “இஞ்சேருங்கோ, பழைய கார் வாங்கப் போனால் ரயரையும் தட்டிப் பாப்பியள். வயித்தை வெட்டக் குடுக்கிறதுக்கு ஒரு கேள்வியும் இல்லையோ?”

யாம் மறுமொழி கூறவில்லை. அன்றிரவு அவரே ஓர் ஆய்வைத் தேடியெடுத்து எமக்குப் படித்துக் காட்டினார். மிச்சிகன் மாநிலத்திலே இத்துறைச் சத்திரவைத்தியர் 20 பேர் தாம் செய்த சிகிச்சையின் ஒளிப்பதிவைக் கொடுக்க, செய்தவர் யாரென்று அறியாத சக வைத்தியர்கள் கைத்திறனுக்குப் புள்ளியிட்டனர். 2013இல் வெளியான முடிவு இது: புள்ளி குறைந்த பிரிவினரின் நோயாளருள் 14.5 சதவீதத்தினர்க்குச் சிக்கல் நேர்ந்தது. புள்ளி மிகுந்த பிரிவினரிடத்து 5.2 சதவீதமே. எல்லாரும் பட்டம் பெற்றவரே, எல்லாரும் இன்முகம் காட்டியவராயும் இருக்கலாம். கத்தி பிடிக்கும் கையிலேதான் வேற்றுமை.

வேறு துயரும் எம் நினைவில் இருந்தது. எம்முடன் களஞ்சியத்திற் பணியாற்றிய நண்பர் ஒருவர், கடிதம் காட்டிய இடத்திலேயே சிகிச்சை பெற்று, சில மாதங்களில் வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தார். இச்சிகிச்சை பெற்றோர் உயிருள்ளவரை விற்றமின்களை உட்கொண்டு, ஆண்டுதோறும் இரத்தம் சோதிக்க வேண்டும். புதிய ஊரில் அவரைப் பின்தொடர்ந்து பார்ப்பார் எவருமிலர். விற்றமின் பி12 குறைந்து பாதம் மரத்த பின்னரே அவர் அதனை உணர்ந்தார். இன்றும் கோலூன்றியே நடக்கின்றார். இடமாற்றமே வாழ்வாகிய படைக் குடும்பங்களுக்கு இவ்வாபத்து ஏனையோரினும் பெரிது.

மறுநாள் ஒப்பந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, பட்டியலிலுள்ள வேறொருவருக்குக் கடிதத்தை மாற்றித் தருவீர்களோ எனக் கேட்டோம். மாற்றித் தந்தார்கள்! கேட்கலாம் என்பதையே அதுவரை எவரும் எமக்குக் கூறவில்லை. அமெரிக்கச் சத்திரவைத்தியர் கல்லூரியின் தராதரச் சான்று பெற்ற நிலையங்களை மாத்திரம் தெரிந்து, அவற்றுள் எமது திட்டத்தை ஏற்பவரைத் தேடினோம்.

இரண்டாமவர் ஒரு பெண்மணி, அதிகம் சிரியாதவர். இல்லத்தரசியார் எழுதித் தந்த தாளை நடுங்கும் கையால் விரித்து, யாம் வினாவத் தொடங்கினோம். சென்ற ஆண்டு எத்தனை செய்தீர்கள்? மீண்டும் சத்திரசிகிச்சை மேசைக்கு வந்தவர் எத்தனை பேர்? இறந்தவர் உண்டா? பிழை நேர்ந்தால் நள்ளிரவில் வருபவர் யார்? ஐந்தாண்டின் பின் எம்மை யார் பார்ப்பார்? சினப்பார் என்றஞ்சினோம். அவரோ ஒவ்வொன்றுக்கும் எண்ணுடன் விடை தந்து, “இவற்றைக் கேளாமற் கத்திக்கு உடன்படுபவரைக் கண்டாலே எனக்கு அச்சம்” என்றார். பின்னர் அவர் எம்மை வினாவினார். நெஞ்செரிவு வெளிவந்தது. குழாய்போல் ஆக்கும் முறை அதனை மிகுவிக்கக் கூடும். இரைப்பையிற் சிறு பையொன்றைப் பிரித்துக் குடலோடு நேரே இணைக்கும் முறையே உமக்கு ஏற்றது என்றார். 1966இல் அயோவாவிலே எட்வேர்ட் மேசன் என்பார் தொடங்கிய முறையின் வழிவந்தது அது.

இன்று எமது நிறை 77 கிலோ. இன்சுலின் ஊசி நின்றுவிட்டது. விற்றமின் குளிசை நில்லாது. எம்மவர்க்கு வேண்டிய செய்தி இன்னுமொன்று: 2022இல் இத்துறை நிபுணர் சங்கங்கள் புதிய வழிகாட்டி வெளியிட்டு, ஆசிய மக்களுக்குச் சுட்டி 27.5 என்ற அளவிலிருந்தே இச்சிகிச்சையை எண்ணிப் பார்க்கலாமெனக் கூறின. காப்புத் திட்டங்கள் யாவும் உடனே அதற்கிணங்கி நடக்குமென எண்ணற்க.

யூபிலி விருந்துக்கு வருவதாக இருக்கின்றோம். எமது இலையிற் சோறு இரண்டு அகப்பைக்கு மேல் வேண்டா. பாயசம் ஒரு கரண்டி போதும். மிஞ்சினால் வயிறு புரண்டு தலை சுற்றும். இதனைப் பரிமாறும் தம்பிமாருக்கு முன்னரே அறிவித்து வைக்குமாறு மலராசிரியரை வேண்டுகின்றோம்.