அறுநூற்றுப் பன்னிரண்டில் இருபது

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

சுற்றுலா ஒரே நாளில் முடிந்துவிட்டது. சுற்றுலாவில் எடுத்த படங்களைப் பிரித்து அடுக்கும் வேலையோ ஐந்து சனிக்கிழமைகளை விழுங்கிவிட்டது! 2025 செப்டம்பரில், காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, எங்கள் பள்ளியிலிருந்து பாம்பன், இராமேசுவரம், தனுஷ்கோடி ஆகிய இடங்களுக்குச் சென்று வந்தோம். புகைப்பட மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் நால்வரும் பள்ளியின் டிஜிட்டல் கேமராவை முறை வைத்துக்கொண்டு சுமந்து சென்றோம். திரும்பி வந்து கணினி அறையில் எண்ணிப் பார்த்தால் 612 படங்கள்! ஆண்டு விழாக் கண்காட்சியில் எங்களுக்கு ஒதுக்கியிருப்பதோ ஒரே ஒரு பலகை. அதில் 20 படங்களுக்கு மேல் இடமில்லை என்று சிஸ்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? முதல் சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து நாங்கள் நீக்கியவை வெறும் 31 படங்கள். அவையும் பேருந்துச் சன்னல் கம்பி, யாரோ ஒருத்தியின் முழங்கை, தோளில் தொங்கிய கேமரா தானாகவே எடுத்துக்கொண்ட தரை முதலியவை. இப்படியே போனால் ஆண்டுத் தேர்வு வந்துவிடும் என்று அஞ்சி, இரண்டாம் வாரம் ஓர் உபாயம் செய்தோம். ஒருத்தி எடுத்த படத்தை மற்ற மூவர்தாம் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுத்தவள் வாயைத் திறக்கக் கூடாது. அம்மம்மா! அன்று கணினி அறையில் எழுந்த பெருமூச்சுகளை எண்ணியிருந்தால் அவையும் அறுநூறைத் தாண்டியிருக்கும். ஆனால் வேலை மளமளவென்று நடந்தது.

பாம்பனில் மட்டும் 140 படங்கள். அதற்குக் காரணமும் உண்டு. 1914-இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தையும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தையும், 1988 முதல் இருக்கும் சாலைப் பாலத்தில் நின்று ஒருசேரப் பார்க்க முடிந்தது. பழைய பாலத்தின் நடுப்பகுதி கப்பல் வந்தால் இரண்டு கைகளைத் தூக்குவதுபோல் இருபுறமும் விரிந்து திறக்கும் அமைப்புடையது. புதிய பாலத்திலோ 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுவதும் மின்தூக்கிபோல நேராக மேலே எழும்பும்படி கட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் வழிகாட்டி ஆசிரியை விளக்கிக்கொண்டிருக்கும்போதே இரயில் வந்துவிட்டது. ஒருத்தி விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் வைத்து எடுத்தாள். அவள் படத்தில் ஒவ்வொரு சன்னலும் தெளிவு. ஆனால் இரயில் நிலையத்தில் நிற்பதுபோல் நிற்கிறது! இன்னொருத்தி கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, சாலையில் லாரி வராத நேரமாகப் பார்த்து, மூச்சை அடக்கி, விநாடியில் முப்பதில் ஒரு பங்கு வைத்து எடுத்தாள். பாலம் அசையாமல் இருக்க, இரயில் மட்டும் ஒரு வண்ணக் கோடாக ஓடுகிறது. பாம்பனின் 140-இல் பலகைக்குப் போவது அந்த ஒன்றுதான். தெளிவாக இருப்பதுதான் நல்ல படம் என்று எண்ணிக்கொண்டிருந்த நாங்கள் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் பேசாமல் இருந்தோம்.

இராமேசுவரம் கோயிலில் எங்களிடம் ஒரு படமும் இல்லை. உள்ளே கேமராவுக்கு அனுமதி கிடையாது. 1,200-க்கும் மேற்பட்ட தூண்கள் அணிவகுத்து நிற்கும் அந்த நீண்ட பிரகாரத்தில் வெறுங்கையோடு நடந்தோம். வேடிக்கை என்னவென்றால், எங்கே எவ்வளவு வெளிச்சம் விழுந்தது, தூரத்தில் ஈரப் புடவையோடு சென்ற கூட்டம் எவ்வளவு சிறிதாகத் தெரிந்தது என்று நாங்கள் நால்வரும் ஒரே மாதிரி இன்றும் சொல்கிறோம்!

தனுஷ்கோடி மணலைப் பற்றி ஒரு செய்தி. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்கிட்டுக்கொள்ளுமாம். ஆகையால் பளீரென்ற மணலைக் காட்டினால், 'வெளிச்சம் அதிகம்' என்று தானே குறைத்துவிடும். மணல் அழுக்காகவும் முகங்கள் கறுப்பாகவும் வந்துவிடும். அதற்கு ஒளி அளவை ஒரு படி கூட்டி வைக்க வேண்டும். இதை ஆசிரியை முன்பே கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தும், கடற்கரையில் முதல் படத்தைத் திரையில் பார்த்த பிறகே எங்களுக்குப் புரிந்தது. அங்கே எடுத்த 200-க்கும் மேற்பட்ட படங்களை வரிசையாக ஓட்டினால், மணல் சாம்பலிலிருந்து மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே வருகிறது. நாங்கள் கற்றுக்கொண்டதைக் கணினி பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டுவதுபோல் இருந்தது.

இனி, எங்களுக்குள் இரண்டு வாரம் வழக்காடச் செய்த படத்துக்கு வருகிறேன்.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் வீசிய புயலைப் பற்றி அறியாதவர் இரார். பாம்பனிலிருந்து சென்ற இரயிலை 100-க்கும் மேற்பட்ட பயணிகளோடு கடல் கொண்டுபோயிற்று. தனுஷ்கோடி ஊரே அழிந்தது. அங்கே கூரையற்று நிற்கும் தேவாலயத்தின் சுவர்கள் பவளப்பாறைக் கற்களால் ஆனவை. நாங்கள் அச்சுவரருகே நின்றுகொண்டிருந்தபோது, சங்கு, சோழி மாலை விற்கும் பாட்டி ஒருவரைக் கண்டோம். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று முறைப்படி கேட்டோம். அவர் உடனே சம்மதிக்கவில்லை.

"எடுத்துட்டுப் போறவுக நெறைய பேரு. ஒருத்தரும் குடுத்ததில்ல. எனக்கு ஒண்ணு அனுப்புவீகளா?" என்று கேட்டார்.

அனுப்புவோம் என்றோம். பிறகுதான் சொன்னார். புயலின்போது அவருக்கு ஐந்து வயது. அப்பாவைக் கடல் எடுத்துக்கொண்டது. "சுவத்துல ஒரு படம் மாட்டியிருந்துச்சாம். அதுவும் வீட்டோட போயிருச்சு. எங்க அப்பா மொகம் எனக்குத் தெரியாது தாயி." இதை அவர் அழுதுகொண்டு சொல்லவில்லை, சோழி மாலைகளைச் சிக்கெடுத்துக்கொண்டே சொன்னார்.

உடனே கூடையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரினார். முந்தானையை இழுத்துச் செருகினார். "கால் தெரியணும்" என்று சொல்லிவிட்டு, பள்ளியில் காலை வணக்கத்துக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றார். ஏழு படங்கள் எடுத்தோம். நான்காவது படத்தின்போது கடற்காற்று முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு போக, அவர் ஒரு கையால் கண்ணை மறைத்துச் சிரித்தார். பின்னால் பிளந்த சுவர், பறக்கும் சேலை, முகமெல்லாம் சுருக்கம், அந்தச் சிரிப்பு! 612 படங்களிலும் அதற்கு ஈடு கிடையாது. இதில் எங்கள் நால்வருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

வழக்கு வேறு. பாட்டிக்கு எதை அனுப்புவது? பலகையில் எதை வைப்பது? 'நான்காவதுதான் உயிருள்ள படம். அதையே அனுப்பினால் அவரும் மகிழ்வார்' என்றது ஒரு கட்சி. 'அவர் கேட்டது நின்ற படம். கால் தெரிய வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னாரே' என்றது மறு கட்சி. நின்ற படத்தில் பாட்டி சட்டத்தின் நட்டநடுவே நிற்கிறார். காலடியில் வெற்று மணல். முகத்தில் சிரிப்பும் இல்லை. சட்டத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, ஆளை ஓரக் கோட்டில் நிறுத்த வேண்டும் என்று நாங்கள் படித்த இலக்கணம் ஒன்றுகூட அதில் இல்லை. பாதி உடலோடு வெட்டிச் சிறிதாக்கிப் பார்த்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கால் போய்விட்டது.

இரண்டாம் வாரமும் முடிவு காணாமல் சிஸ்டரிடம் சென்றோம். இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்த சிஸ்டர் தீர்ப்பு ஒன்றும் கூறவில்லை. "அவங்க எதுக்காகத் தலை வாரிக்கிட்டாங்க, பிள்ளைகளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மணி அடித்ததும் எழுந்து போய்விட்டார்கள்.

நின்ற படத்தை வெட்டாமல் எட்டுக்குப் பத்து அங்குலத்தில் அச்சிட்டோம். உப்புக் காற்றுக்குத் தாங்கும்படி இருபுறமும் பிளாஸ்டிக் உறையிட்டு, இராமேசுவரத்தில் இருக்கும் அவர் மகளின் முகவரிக்குத் தபாலில் அனுப்பினோம். செலவு எங்கள் நால்வரின் கைக்காசு. நான்காவது படத்தையும் சிறிதாக அச்சிட்டு உடன் வைத்து, 'இதைக் கண்காட்சியில் வைக்கலாமா?' என்று ஒரு கடிதமும் எழுதினோம். பதில் வரும் வரையில் பலகையில் பத்தொன்பது படங்களும், ஒரு படத்தின் அளவுக்கு வெற்றிடமும் இருந்தன. பார்த்தவர்கள் எல்லாம் "என்ன, ஒன்று உதிர்ந்துவிட்டதா?" என்று கேட்டுக் கேட்டு எங்களைச் சலிக்கச் செய்துவிட்டார்கள்!

சென்ற வாரம் பள்ளி அலுவலகத் தொலைபேசிக்கு மகள் பேசினார். சிரிக்கிற படத்தைத் தாராளமாக வைக்கலாமாம். ஆனால் அம்மாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லையாம், தலை கலைந்திருக்கிறதாம். நின்ற படத்தைச் சுவரில் மாட்டியாயிற்று. அதிலேயே இன்னும் மூன்று பிரதிகள் வேண்டுமாம், பிள்ளைக்கு ஒன்றாக. அளவு அதேதான், காலை மட்டும் வெட்டிவிடக் கூடாது என்று பாட்டி பக்கத்திலிருந்து சத்தமாகச் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது.

வருகிற சனிக்கிழமை ஸ்டூடியோவுக்குப் போகிறோம்.