ஐம்பத்தாறு மணி நேரம்

31 வருஷம் சர்வேயராக இருந்தவன் நான். சங்கிலி இழுத்துக் காய்த்த கை. தூரம் என்றால் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

மகள் சான்பிரான்சிஸ்கோ போன புதிதில், பக்கத்து வீட்டுப் பையனின் உலக உருண்டையை வாங்கி நூல் பிடித்துப் பார்த்தேன். சென்னையிலிருந்து நேர் கிழக்கே கடலைத் தாண்டும் என்று எதிர்பார்த்தால், நூல் வடக்கே ஏறி திபெத், மங்கோலியா, சைபீரியா எல்லாம் தாண்டி அலாஸ்கா வழியாக இறங்கியது. ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பதினைந்தரை மணி நேரம்.

"ரெண்டு ராத்திரி ரயில்ல போற நேரம்தானே" என்றாள் என் மனைவி. கூடத்தில் இன்னொரு கடிகாரம் மாட்டி அதில் மகள் ஊர் நேரம் வைத்தாள்.

2017 ஆடி மாதம், ஒரு புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் போய்விட்டாள். மகளுக்குப் போன் செய்தேன். அங்கே செவ்வாய் மாலை நாலரை. (திதி எந்த நாள் என்று இன்னமும் கேட்பாள். இங்கத்திய கணக்குதான் என்று சொல்லியிருக்கிறேன்.)

"நான் வர்ற வரைக்கும் அம்மாவை வெச்சிருப்பீங்களாப்பா?"

"வெச்சிருக்கேம்மா. நீ கிளம்பு."

அவளுக்குக் கிடைத்த விமானம் மறுநாள் மாலை நாலு மணிக்கு. பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டேன். துபாய்க்குப் பதினாறு மணி நேரம், அங்கே காத்திருப்பு ஐந்தரை, சென்னைக்கு நாலு, வெளியே வர ஒன்று, கும்பகோணம் பக்கம் எங்கள் ஊருக்குக் காரில் ஆறு. போன் வைத்த நேரத்திலிருந்து ஐம்பத்தாறு மணி நேரம். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி.

ஐஸ் பெட்டி வந்துவிட்டது. ஆனால் எங்களுடையது கோயில் தெரு. உடலை எடுக்கும்வரை நடை திறக்க மாட்டார்கள். அந்த வெள்ளி ஆடி வெள்ளி வேறு. பெரிய மைத்துனர் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு நாள் தெருவே உலை வைக்காம இருக்க முடியாது மாப்ளே."

மாலை நாலு மணிக்கு எடுத்துவிட்டோம்.

அப்போது மகள் ஊரில் விடியற்காலை மூன்றரை. தூங்கட்டும் என்றுதான் சொல்லவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பொய். அவள் விமானம் ஏற இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது. எனக்குப் பயம். சென்னையில் அழைக்கப் போன தம்பி மகன்தான் சொன்னான். அதுவரை அம்மா காத்திருக்கிறாள் என்றே பறந்து வந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை ஒன்று பத்துக்கு வாசலில் கார் நின்றது. கணக்கு பத்து நிமிஷம்தான் பிசகியது. உள்ளே வந்து விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை கேட்கவில்லை.

2021 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நேர் விமானம் விட்டார்கள். பெண்களே ஓட்டி, வட துருவத்துக்கு மேலே பறந்து வந்தார்கள். சுமார் பதினேழு மணி நேரம். பேப்பரை மடித்துவிட்டு மறுபடி பென்சிலை எடுத்தேன். அன்றைக்கே அப்படி ஒன்று கிளம்பியிருந்தால் வியாழன் மதியமே வந்திருப்பாள். ஒரு ராத்திரி. ஒரு ராத்திரிக்குத் தெரு ஒன்றும் சொல்லியிருக்காது.

அங்கே மார்ச்சிலும் நவம்பரிலும் ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். ஸ்டூலில் ஏறி அந்தக் கடிகாரத்தை மாற்றுவது இப்போது என் வேலை. போன வாரம் மகள் போனில் அதட்டினாள்: "ஸ்டூல்ல ஏறாதீங்கப்பா. நான் வந்து மாத்தறேன்."